சைடு வீல் வண்டி களவு போன பதினேழு நாள்

என் ஸ்கூட்டரைத் திருட ஒருவன் வருவான் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை. இதை அடக்கத்தோடு சொல்லவில்லை. பல வருடம் பெருமையடித்துக்கொண்டே திரிந்திருக்கிறேன். பின்னால் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம், சீட்டுக்குப் பக்கத்தில் ஊன்றுகோல் செருகும் இரும்புக் குழாய், நடுவில் நான். இதை எடுத்துப் போய் ஒருவன் என்ன செய்வான்? சாவியை அதிலேயே விட்டுவிட்டுப் போவது என் பழக்கம். வேலை செய்யும் இடத்தில் மற்றவர்கள் தங்கள் பைக்குகளுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டும்போது, "எதுக்குப்பா இவ்ளோ பேஜாரு?" என்று கேட்டு அவர்களின் வயிற்றெரிச்சலை வாங்கிக்கொள்வேன்.

எனக்கு இரண்டு வயதில் இடது காலில் போலியோ. தொடையிலிருந்து ஷூவரை இரும்புக் காலிப்பர், கக்கத்தில் ஒரு ஊன்றுகோல். மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில், வருகிற உருப்படிகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் மேஜையில் எனக்கு வேலை. ஊரிலுள்ள பொருள்களுக்கெல்லாம் குறை கண்டுபிடிப்பது என் பிழைப்பு என்பதால், என்னைப் பற்றி யார் குறை சொன்னாலும் கோபப்படும் உரிமை எனக்கில்லை.

ஸ்கூட்டர் வருவதற்கு முன் ஒன்பது வருடம் செங்கல்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில்தான் போனேன். அந்தப் பஸ்ஸின் முதல் படி என் இடுப்புக்குச் சமம். என் லைனில் வேலை செய்யும் இரண்டு நண்பர்கள், ஒருவன் கக்கத்தில் கை கொடுத்து, இன்னொருவன் காலிப்பரைப் பிடித்து, "ஏத்து, ஏத்து" என்று லாரியில் மூட்டை ஏற்றுவதுபோல் ஏற்றுவார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. ஆனால் அவர்கள் லீவு போட்டால் நானும் லீவு. அவர்களில் ஒருவன் கல்யாணம் செய்துகொண்டு பத்து நாள் ஊட்டிக்குப் போனான். அந்தப் பத்து நாள் நானும் தேனிலவு கொண்டாடினேன், வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

அரசாங்கம் ஸ்கூட்டர் கொடுத்த அன்று முதலில் அதை ஓட்டிப் பார்த்தது நானல்ல, மச்சான். மனைவியின் தம்பி. மாமல்லபுரத்தைத் தாண்டி ஒரு மீனவக் குப்பத்தில் படகு வைத்திருக்கிறான். பைக் ஓட்டுவதில் சூரன். "தள்ளு மாமா, நான் செக் பண்றேன்" என்று ஏறினான். தெருமுனையில் திரும்ப வேண்டிய இடத்தில் அழகாக உடம்பைச் சாய்த்தான். வண்டி சாயவில்லை. நேராகப் போய் எதிர்வீட்டுக் கோழிக்கூண்டில் நின்றது. இரண்டு சக்கர வண்டி ஓட்டிப் பழகியவர்கள் திருப்பத்தில் தங்களை அறியாமலே உடம்பைச் சாய்த்துத்தான் திருப்புகிறார்கள். சைடு வீல் வண்டிக்கு அந்த ஒயில் எல்லாம் புரியாது. கைப்பிடியைப் பிடித்து இழுத்துத் திருப்ப வேண்டும், மாட்டு வண்டி மாதிரி. எனக்குப் பைக் ஓட்டவே தெரியாது என்பதால் முதல் நாளே அருமையாக ஓட்டினேன். என் வாழ்க்கையில் தெரியாத ஒரு விஷயம் தகுதியாக மாறியது அந்த ஒரு முறைதான்.

கோழிக்கூண்டு அவமானத்துக்குப் பழி தீர்ப்பதுபோல, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மாமியார் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது, மச்சான் தன் படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை என் வண்டியின் சைடு வீல் மட்கார்டுகளில் அடித்துவிட்டான். நீலம், நடுவில் மஞ்சள் பட்டை, ஓரத்தில் சிவப்பு. குப்பத்தில் இது வழக்கம். படகுக்கு வாங்கிய பெயிண்ட் மிஞ்சினால் வீட்டுக் கதவு, தண்ணீர்த் தொட்டி, ஐஸ் பெட்டி எல்லாம் ஒரே நிறம் பூசிக்கொள்ளும். எந்தக் கதவு எந்தப் படகுக்காரன் வீடு என்று தூரத்திலிருந்தே சொல்லலாம். எனக்கோ திருவிழா ராட்டினத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போவதுபோல் இருந்தது. ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

களவு போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். குப்பத்துக்குள் மணல் என்பதால் சைடு வீல் புதைந்துவிடும். தார் ரோடு முடிகிற இடத்தில், மீன் ஏலக் கொட்டகை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, சாவியை வழக்கம்போல் அதிலேயே விட்டுவிட்டு, மாமியார் வைத்த சுறாப்புட்டைத் தின்றுவிட்டுத் தூங்கினேன். நாலு மணிக்கு வந்து பார்த்தால் வண்டி நின்ற இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. நான் செய்த முதல் காரியம், கொட்டகையில் குவித்திருந்த வலைக்கு அடியில் தேடியது. நாலு சக்கரத்தோடு ஒரு ஸ்கூட்டர் வலைக்கு அடியில் எப்படிப் போகும் என்று மச்சான் கேட்டான். நான் அடுத்த வலைக் குவியலைத் தூக்கிப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து "ஏத்து, ஏத்து" மறுபடியும் தொடங்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மச்சான் பைக்கில் பின்னால் உட்கார்ந்து காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த ஏட்டய்யா நல்ல மனிதர், ஆனால் என்னிடம் பேச மறுத்துவிட்டார். மறுத்தார் என்றால் திட்டவில்லை. கேள்விகளையெல்லாம் மச்சானிடமே கேட்டார். இவருக்கு என்ன ஆச்சு, எங்கே வேலை செய்கிறார், கையெழுத்துப் போடுவாரா. நான் பதில் சொன்னாலும் மச்சான் முகத்தைப் பார்த்தே தலையாட்டினார். எனக்குக் கால்தான் வரவில்லை, வாய் நன்றாக வரும் என்பதை அவருக்குத் தெரிவிக்க நான் எடுத்த முயற்சிகள் எல்லாம் மச்சானின் காதில்தான் விழுந்தன. வண்டிக்கு எத்தனை சக்கரம் என்று கேட்டார். நாலு என்றேன். அப்படி எழுதினால் கார் என்று ஆகிவிடும் என்று கவலைப்பட்டார். கடைசியில் கேஸ் எதுவும் பதியாமல், விவரத்தை ஒரு வெள்ளைத் தாளில் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, இந்த வண்டியை யாரும் திருட மாட்டார்கள், விளையாட்டாக யாராவது எடுத்திருப்பார்கள், நாலு நாள் பொறுங்கள், தானாக வந்துவிடும் என்றார். நான் வருடக்கணக்காக ஊரெல்லாம் சொல்லிவந்த அதே வாதம்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். களவு கொடுப்பதில் எனக்கு முன் அனுபவம் உண்டு. செங்கல்பட்டு ஸ்டேஷனில் மின்சார ரயிலில் ஏற ஒரு புண்ணியவான் கை கொடுத்தார். ரயில் பொத்தேரி வருவதற்குள் என் சட்டைப்பையில் போன் இல்லை. அவர் அவ்வளவு மரியாதையாகத் தூக்கிவிட்டார், நான் இரண்டு முறை நன்றி வேறு சொல்லியிருந்தேன். இன்னொரு முறை, உட்கார்ந்த இடத்தில் சாய்த்து வைத்த ஊன்றுகோலையே ஒருவன் எடுத்துப் போனான். அவனுக்கு அதில் என்ன லாபமோ, நான் மூன்று ஸ்டேஷன் தாண்டிப் போய் இறங்கினேன். ஒரு தடவைகூடப் புகார் கொடுத்ததில்லை. ஏனென்றால் வீட்டில் விசாரணை திருடனைப் பற்றி நடக்காது. "நீ ஏன் தனியாப் போன?" என்றுதான் தொடங்கும், அதோடு முடிந்தும்விடும். அதனால் தொலைந்துபோனது, மறந்து வைத்துவிட்டேன் என்று சொல்லிப் பழகினேன். என் குடும்பத்தில் நான் ஒரு பெரிய மறதிக்காரன்.

இந்த முறை அப்படிச் சொல்ல முடியாது. ஸ்கூட்டரை மறந்து வைத்துவிட்டேன் என்றால் யார் நம்புவார்கள்? தனியாகப் போகாதே என்ற தீர்ப்பு இப்போதே வீட்டில் எழுதப்பட்டுவிட்டது. மனைவி வாய்விட்டுச் சொல்லவில்லை. மச்சானிடம் காலை மாலை என்னைக் கொண்டுவிட முடியுமா என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாலு நாள் பஸ்ஸில் போனேன். நண்பர்கள் இருவரும் பழைய மாதிரியே ஏற்றினார்கள். "வெயிட்டு ஏறிக்கீறே மச்சி" என்றான் ஒருவன். வண்டியில் சொகுசாகப் போய் வளர்த்த தொப்பை. மன்னிப்புக் கேட்டேன்.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, மேஜையில் உட்கார்ந்து கீறல் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாமியார் போன் செய்தார். எடுத்தவுடன் அழுகை.

"மாப்ளே, ஒடம்பு எப்டி கீது? ரொம்ப வலிக்குதா?"

நல்லாத்தான் இருக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. கால் உடைந்த வலியை நான் மறைக்கிறேன் என்று இன்னும் அதிகமாக அழுதார். பத்து நிமிடம் பேசிய பிறகுதான் எனக்கு விபத்து நடந்த விவரம் எனக்கே தெரிந்தது.

நடந்தது இதுதான். மாமியாரோடு மீன் விற்கும் அம்மாள் ஒருவர், கூடையோடு வேனில் செங்கல்பட்டுச் சந்தைக்குப் போகும்போது, திருக்கழுக்குன்றம் தாண்டி ஏரிக்கரை வளைவில் கருவேல முள்ளுக்குள் ஒரு ஸ்கூட்டர் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். நீலம், மஞ்சள் பட்டை, சிவப்பு ஓரம். யார் படகின் நிறம் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா? வேனை நிறுத்தி, எதிரே டீக்கடையில் விசாரித்தார். பாவம், கால் ஊனமான ஒருத்தர் நேற்று ராத்திரி வளைவில் விழுந்துவிட்டார், நாங்கள்தான் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், வண்டிக்கும் ஒரு ஆளைக் காவல் போட்டிருக்கிறோம் என்று டீக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் உடனே மாமியாருக்குப் போன் போட்டார். நான் மறைமலைநகரில் மேஜையில் இருக்க, குப்பம் முழுக்க எனக்காக அழுதுகொண்டிருந்தது.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மச்சானோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அடிபட்ட என்னைப் பார்க்க நானே போனேன். வழியில் மச்சான் கேட்டான், ஏதாவது பழம் வாங்கிப் போகலாமா என்று. அவனுக்கும் குழப்பம்.

என் வண்டியை எடுத்துப் போனவன் ஓரத்துக் கட்டிலில் படுத்திருந்தான். முப்பது வயதிருக்கும். கணுக்காலில் புதுக் கட்டு. தலைமாட்டில் டீக்கடைக்காரர் வாங்கி வைத்த ஆரஞ்சுப் பழம், பன், இளநீர். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாக எனக்கு வரவேண்டிய பரிதாபமெல்லாம் ஒரே நாளில் அவனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஏனென்றால் எனக்கு இளநீர் யாரும் வாங்கித் தந்ததில்லை.

என் காலிப்பரைப் பார்த்தான், ஊன்றுகோலைப் பார்த்தான். புரிந்துகொண்டான். ஓட நினைத்திருப்பான், கணுக்கால் விடவில்லை. நானும் அவனை ஓடிப்போய்ப் பிடிக்கக்கூடியவன் இல்லை. இரண்டு பேரும் சமநிலையில் சற்று நேரம் பார்த்துக்கொண்டோம்.

கடைசியில் அவன்தான் பேசினான். "இன்னா வண்டி அண்ணாத்த அது? ஈசிஆர்ல நல்லாத்தான் வந்துகினு இருந்துச்சு. வளைவுல இந்தாண்ட சாஞ்சா, அது அந்தாண்ட போவுது."

நான் கோபப்பட்டிருக்க வேண்டும். என் வாய் அதற்குள் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டது. "சாயக் கூடாதுபா. ஹேண்ட்பாரப் புடிச்சு இழுக்கணும். ஒடம்பு ஆடவே கூடாது." கட்டில் கம்பியைப் பிடித்து எப்படி இழுப்பது என்று செய்தும் காட்டினேன். அவன் அக்கறையாகத் தலையாட்டினான். பின்னாலிருந்து மச்சான் என் சட்டையைப் பிடித்து இழுத்தான், "மாமா, அடுத்த தபா ஒழுங்கா திருடட்டும்னு கத்துக் குடுக்கிறியா?" என்று.

மச்சான் போன் போட்டு விஷயத்தைச் சொல்ல, ஏட்டய்யா அடுத்த நாள் எல்லாரையும் நிலையத்துக்கு வரச் சொன்னார். மேஜைக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலி. அதில் அவனை உட்காரவைத்தார். நான் ஊன்றுகோலில் நின்றேன். நான் நாற்காலியையே பார்ப்பதைக் கவனித்து, "பாவம், அவனுக்குப் புதுக் காயம். நீங்க பழகினவரு, கொஞ்சம் நில்லுங்க" என்றார். அதுவரை அவர் என்னிடம் நேரடியாகப் பேசியது அந்த ஒன்றுதான்.

பிறகு மச்சானைப் பார்த்து விளக்கினார். வண்டி கிடைத்துவிட்டது. மட்கார்டில் ஒரு நசுங்கல், அவ்வளவுதான். இவன் சைடு வீலைக் கழற்றி விற்கத்தான் கொண்டுபோயிருக்கிறான், ஒப்புக்கொள்கிறான். கேஸ் வேண்டாம் என்றால் இப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். கேஸ் என்றால் வண்டி இங்கே நிற்கும். கோர்ட்டில் மனுப் போட்டு, அவர்கள் சொன்ன பிறகுதான் தர முடியும். எத்தனை நாள் என்று சொல்ல முடியாது. ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். பின்கட்டில் கேஸ் வண்டிகள் நின்றன. ஒரு பைக்கின் மேல் கோவைக்கொடி படர்ந்து, பழம் பழுத்துத் தொங்கியது. ஒரு ஆட்டோவுக்குள் பூனை குட்டி போட்டிருந்தது. அவற்றுக்கு நடுவில் என் ராட்டினம்.

சத்தியமாகச் சொல்கிறேன், என் மனம் வண்டியின் பக்கம் பாய்ந்துவிட்டது. சாவி மேஜைமேல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டு போனால் நாளை "ஏத்து, ஏத்து" இல்லை. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் மச்சான் முந்திக்கொண்டான். "வண்டிய எடுத்துகினு போயிடலாம் மாமா. கோர்ட்டு கீர்ட்டுலாம் நமக்கெதுக்கு? இனிமே நீ தனியா எங்கயும் போவாத. நானே இட்டுகினு போறேன். வண்டி வூட்லயே நிக்கட்டும்."

பாசத்தில்தான் சொன்னான். படகை விட்டுவிட்டு தினமும் என்னை மறைமலைநகர் கொண்டுவிடக்கூடத் தயாராக இருந்தான். ஆனால் எனக்கு அப்போதுதான் கணக்குப் புரிந்தது. இன்றைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனால், நடந்தது களவு என்று எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. நான் தனியாகப் போனதும் சாவியை விட்டதும் மட்டும்தான் நடந்ததாக ஆகும். வண்டி கையில் இருக்கும், போக இடம் இருக்காது.

"எழுதுங்க ஐயா" என்றேன்.

ஏட்டய்யா மச்சானிடம் திரும்பினார். "இன்னாபா சொல்றாரு?"

"அவரு எழுதச் சொல்றாருங்க ஐயா" என்றேன், நானே. "அவரு பேர்லயே எழுதணுமாம். கையெழுத்து அவரே போடுவாராம். அப்புறம், அவருக்கு ஒரு நாற்காலியும் வேணுமாம்."

நான் பயந்தேன், ஜோக்கடித்து அடி வாங்கிய அனுபவமும் எனக்கு உண்டு. ஏட்டய்யா முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். உள்ளே கை காட்டி, இன்ஸ்பெக்டர் அறை நாற்காலியையே எடுத்து வரச் சொன்னார். குஷன் போட்டது. அதில் உட்கார்ந்து, எத்தனை மணிக்கு, எங்கே, எப்படி என்று அவர் கேட்கக் கேட்க முழுக் கதையையும் சொன்னேன். சாவியை விட்டதையும் மறைக்காமல் சொன்னேன். அதையும் எழுதினார். "சாவிய வுட்டா திருடலாம்னு சட்டம் ஒண்ணும் கெடையாது சார்" என்றார். சார் என்றார்.

திருடனை நாற்காலியோடு உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது என்னை முறைத்தான். பாடம் நடத்திய வாத்தியாரே கேஸ் போட்டால் கோபம் வரத்தானே செய்யும்.

வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை. கையில் வந்த வண்டியை விட்டுவிட்டு வந்த பைத்தியக்காரன் என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னார். நான் பஸ்ஸில் போனேன். நண்பர்களிடம் எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்துக் காட்டினேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி லைன் முழுக்கச் சுற்றியது. என்னோடு வேலை செய்யும் காது கேளாத பெண் ஒருவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, மதியம் என் மேஜைக்கு வந்து, போன வருடம் பஸ் ஸ்டாண்டில் தன் சங்கிலியை ஒருவன் அறுத்துப் போனதை எழுதிக் காட்டினார். யாரிடமும் சொல்லவில்லையாம். எங்கே, யாரைப் பார்த்து, எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். முதலில் நாற்காலி கேட்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். சிரித்தார். அடுத்த வாரம் நானும் அவரோடு போனேன்.

களவு போன பதினேழாம் நாள் கோர்ட் உத்தரவு வந்தது. மச்சானுக்கு அன்று கடலில் நல்ல மீன்பாடு, வர முடியவில்லை. நான் பஸ் பிடித்து, கண்டக்டரும் ஒரு தேங்காய் வியாபாரியும் ஏற்றிவிட, நிலையம் போய்ச் சேர்ந்தேன். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, சாவியை வாங்கி, சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஏட்டய்யா வாசல்வரை வந்து பின்கட்டிலிருந்து வண்டி வெளியே வருவதற்கு வழி விட்டார்.

செங்கல்பட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். நான் வலது பக்கம் திரும்பினேன். கடலோர ரோடான ஈசிஆர் அன்றைக்கு அப்படி இருந்தது. இரண்டு பக்கமும் சவுக்கு, நடுவில் நல்ல காற்று, தர்ப்பூசணிக் கடைகளில் வெட்டி வைத்த சிவப்பு. மனைவி போன் செய்தாள். ஓரமாக நிறுத்தி எடுத்தேன்.

"எங்க கீறீங்க?"

"கடம்பாடி தாண்டி."

"அங்க எதுக்கு? யாரு கூட?"

"தனியாத்தான். சும்மா."

சோறு ஆறிவிடும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். இருபது வருடக் கல்யாணத்தில் "ஏன் தனியா" என்று கேட்காமல் அவள் வைத்த முதல் போன் அது.

அடுத்த இரண்டாவது கிலோமீட்டரில் வண்டி நின்றது. திருடன் ஓட்டி, பிறகு இத்தனை நாள் நின்ற வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது, அடுத்தவன் பொருளில் கீறல் தேடும் நிபுணனுக்குத் தோன்றவில்லை. பின்னால் ஐஸ் பெட்டியோடு மொபெட்டில் வந்தவர் பக்கத்தில் நிறுத்தினார். காலையோ ஊன்றுகோலையோ அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. பெட்ரோல் முள்ளைத்தான் குனிந்து பார்த்தார். தன் வலது காலை நீட்டி என் மட்கார்டில் வைத்துத் தள்ளத் தொடங்கினார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். மொபெட் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டார்:

"எங்க போவணும் அண்ணாத்த?"

பங்க் வரைக்கும் தள்ளினால் போதும், அதற்குப் பிறகு எங்கே என்று இன்னும் யோசிக்கவில்லை என்றேன்.